நீராவி எஞ்சின் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? (சென்னை ரயில் அருங்காட்சியகம்)

கொளத்தூர்க்காரி:

லீவு முடிவதற்குள் நியூ ஆவடி ரோட்டில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு கிளம்பிப் போனோம். நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண், மாமனார், மாமியார். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பர்னிஷிங் டிவிஷன் வளாகத்துக்குள் ஆறேகால் ஏக்கரில் 2002-இல் திறந்த இடம் அது. வெளியே மரத்தடியில் எஞ்சின்களும் பழைய பெட்டிகளும் நிற்கின்றன. ஊட்டி ரயிலின் பெட்டிகளும் இருக்கின்றன. உள்ளே மாதிரிகள், படங்கள். சின்னவர்கள் ஏறிச் சுற்ற ஒரு குட்டி ரயில் உண்டு. போகாதவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம்.

நான் எழுத வந்தது மாமனாரைப் பற்றி. விழுப்புரம் லோகோ ஷெட்டில் பயர்மேனாக (எஞ்சினில் கரி போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்பவர்) சேர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றவர். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் ஒரு நீராவி எஞ்சின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடப் பார்த்தபோது, பையனைப் பிடித்து நிறுத்தி, "நெருப்பு எங்கே எரியும், காட்டு" என்றார். பையன் முன்பக்கம் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் உருளையைக் காட்டினான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். நெருப்பு டிரைவர் காலடிக்குப் பக்கத்தில் எரியும், முன்னால் இருக்கும் நீள உருளை முழுக்கத் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் வரிசை வரிசையாகக் குழாய்கள், நெருப்பின் சூடு அந்தக் குழாய்கள் வழியாகப் போய்த்தான் கடைசியில் புகைபோக்கியில் வெளியேறும் என்று கையால் தடவித் தடவிக் காட்டினார். மற்ற எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அந்த ஒரு எஞ்சினிலேயே பொழுது போய்விட்டது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி நின்று கேட்டார்கள்.

பையன் ஒரு கேள்வி கேட்டான். "உள்ளே நீராவி அவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறதே தாத்தா, ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குறைந்தால் புதுத் தண்ணீரை எப்படி உள்ளே விடுவீர்கள்? குழாயைத் திறந்தால் நீராவிதானே வெளியே பாயும்?" மாமனார், "இன்ஜெக்டர் போட்டால் இழுத்துக்கொள்ளும். வேலை எனக்குத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படித்தவர்களிடம் கேள்" என்றார். ஏழாவது படிக்கும் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று. அவர் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார். வேறு என்னவெல்லாம் கேட்கலாம்? எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பெரம்பூர்வாசி:

உங்கள் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இது பெரிய பெரிய பொறியாளர்களுக்கே நம்பச் சிரமமாக இருந்த விஷயம். 1858-இல் ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள். பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுத்து, நுனி சிறுத்த ஒரு கூம்பு வழியாக விடுகிறோம். சந்து சிறுத்ததும் நீராவி பயங்கர வேகம் எடுக்கும். அந்த வேகத்தோடு அது குளிர்ந்த தண்ணீரில் போய் மோதுகிறது. மோதினதும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிச் சுருங்கிவிடும், ஆனால் அதன் வேகம் எங்கும் போய்விடாது, தண்ணீருக்கு மாறிவிடும். இப்போது வேகமாகப் பாய்கிற தண்ணீர்த் தாரை ஒன்று கிடைத்துவிட்டது. அதை மெல்ல அகலமாகிற இன்னொரு கூம்புக்குள் விட்டால் வேகம் குறையும், குறைகிற வேகம் அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம் பாய்லர் அழுத்தத்தைவிட அதிகம். அதனால் ஒருவழி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு தண்ணீர் உள்ளே போகும். அசையும் பாகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பம்பு கிடையாது. பாய்லரின் நீராவியே பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை உங்கள் மாமனாரிடமே கேளுங்கள். நீராவி குளிர்ந்தால்தான் இது வேலை செய்யும். டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றும் வண்டி) இருக்கும் தண்ணீர் சூடேறிப்போனால் நீராவி சுருங்காது, இன்ஜெக்டர் தண்ணீரை எடுக்காமல் வெளியே துப்பிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் என்ன செய்தார்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒழுங்காக எடுக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள் என்று பழைய லோகோ ஒர்க்ஸ்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கொளத்தூர்க்காரி:

சார், ரொம்ப நன்றி. பையனுக்குப் படித்துக் காட்டினேன், நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறான். மாமனார் "ஆமாம், தண்ணீர் சுட்டுவிட்டால் எடுக்காது, வாளித் தண்ணீரை இன்ஜெக்டர் மேலேயே ஊற்றிக் குளிர வைப்போம்" என்றார்!

தண்ணீர் விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பாகப் பேசுகிறார். கரி கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் வண்டி தாமதமாகும், தண்ணீர் குறைந்தால் உயிர் போகும் என்கிறார். நெருப்பு எரியும் பெட்டியின் மேல்தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமாம். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அது பழுத்து இளகி, அழுத்தம் தாங்காமல் உள்ளே பிய்த்துக்கொள்ளும். அதற்காகவே அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த பிளக் வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பீறிட்டு எச்சரிக்கும். அப்படி ஈயத்தை உருக விட்ட ஆளுக்கு விசாரணை உண்டு, ஷெட்டில் தலை நிமிர முடியாது என்றார். கண் எப்போதும் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில்தான் இருக்குமாம்.

பெண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று மாமியார், "குக்கருக்கு வெயிட் இருக்கிற மாதிரி இதற்கும் உண்டு" என்று மேலே இருக்கும் சேஃப்டி வால்வைக் காட்டினார். மூன்றாம் வகுப்புக்கு அது போதும்.

விருத்தாசலத்தான்:

எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், எனக்கு இதைப் படிக்கும்போது வேறு நினைப்பு வருகிறது.

என் அப்பாவும் பயர்மேன்தான், கார்டு லைனில் (விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் பாதை). மே மாதம் விருத்தாசலம் வெயில் எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? அந்த வெயிலில் நெருப்புக் கதவைத் திறந்து நின்று, ஓடுகிற வண்டியில், ஆடுகிற தகட்டின் மேல் காலை ஊன்றிக் கரி வாரிப் போட வேண்டும். முகத்தில் அனல், முதுகில் எதிர்க்காற்று. வேலை முடிந்து வந்தால் கண் சிவந்திருக்கும், முழங்கை முடி பொசுங்கியிருக்கும். இடுப்பு வலியோடுதான் கடைசிவரை இருந்தார். நீராவி எஞ்சினை ஒழித்து டீசல் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. "இனிமேல் உட்கார்ந்து வேலை செய்யலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படவில்லை. மீதி புகையாகவும் அனலாகவும் போனது, அந்த அனலில் நின்றது எங்கள் அப்பாக்கள். பிள்ளைகளுக்கு எஞ்சினின் அழகை மட்டும் காட்டாதீர்கள். இதையும் சொல்லுங்கள்.

கொளத்தூர்க்காரி:

அண்ணா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். இதற்காகத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் பதிவை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். விழுப்புரம் ரயில்வே காலனியில் ராத்திரி எந்நேரமும் கால் பாய் (டியூட்டிக்குக் கூப்பிட வரும் ஆள்) சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவாராம். கையில் ஒரு நோட்டு, அதில் கையெழுத்துப் போட வேண்டும், இத்தனை மணிக்கு இந்த வண்டி என்று. மாமனார் கிளம்புவதற்குள் மாமியார் எழுந்து சாப்பாடு கட்ட வேண்டும். டியூட்டி முடிந்து என்றைக்கு, எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியாது. கரிச்சட்டையைத் தனி வாளியில்தான் ஊற வைப்பாராம், வீட்டுத் துணியோடு சேர்த்தால் எல்லாம் கறுத்துவிடும். "எஞ்சினை நான் அன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். துவைத்ததெல்லாம் அதன் அழுக்கைத்தான்" என்றார்.

பிள்ளைகள் இதையும் கேட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருப்பது எஞ்சின். அதை ஓட்டிய வேலை இந்த மனுஷர்களிடம்தான் இருக்கிறது. 1995 டிசம்பரோடு அகலப்பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் நின்றன, மீட்டர்கேஜிலும் அதற்குப் பின் ரொம்ப நாள் இல்லை. அந்த வேலையைச் செய்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கேட்க இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?

பாயிண்ட்ஸ்மேன் மகன்:

அக்கா, என்ன கேட்பது என்று கேட்டீர்களே. டோக்கனைப் பற்றிக் கேளுங்கள். மெயின் லைன் (விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர் பாதை) அப்போது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு இரும்பு உருண்டைதான் அனுமதி. இந்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. இங்கே ஒரு உருண்டையை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொரு உருண்டை வராது. டிரைவர் கையில் உருண்டை இருந்தால்தான் வண்டி நகரும்.

நிற்காமல் போகும் வண்டிக்கு எப்படிக் கொடுப்பது? பிரம்பு வளையத்தில் தோல் பை கட்டி, பைக்குள் உருண்டையைப் போட்டு, எங்கள் அப்பா பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். பயர்மேன் எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்துக்குள் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் பழைய வளையத்தைக் கீழே போட வேண்டும். இரவில் தீவட்டி வெளிச்சத்தில். வளையம் தோளில் அடித்த அடி ரெண்டு நாளைக்கு நீலமாக இருக்கும். தவறவிட்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடி வந்து தேடி எடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

கைகாட்டி மரத்தையும் காட்டுங்கள். கை கிடையாக இருந்தால் நில், கீழே சாய்ந்திருந்தால் போ. கேபினில் லீவரை இழுத்தால் நீளக் கம்பி அந்தக் கையை இறக்கும். கம்பி அறுந்துபோனால்? எடை கட்டியிருப்பதால் கை தானாக 'நில்' நிலைக்குப் போய்விடும். கெட்டுப்போனால்கூட ஆபத்தில்லாத பக்கமே கெட்டுப்போக வேண்டும் என்று யோசித்துச் செய்தது. பிள்ளைகளுக்கு ரயில்வேயில் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தான்:

நல்ல இழை. சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயில் நமக்கு எங்கிருந்தோ வந்த புதுசு இல்லை. 1853-இல் பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்குப் போனது முதல் பயணிகள் வண்டி. அதற்கும் முன்னால் 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடக் கல் கொண்டுவர இங்கே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆர்தர் காட்டன் சம்பந்தப்பட்ட வேலை அது. அதில் நீராவி எஞ்சினும் ஓடிப் பார்த்தது.

அப்புறம் எங்கள் ராயபுரம். 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. போரி பந்தர், தாணா ஸ்டேஷன்களின் முதல் கட்டடங்கள் இன்றைக்கு இல்லாததால், நாட்டில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். சென்ட்ரல் 1873-இல்தான் வந்தது, எழும்பூர் 1908-இல். அருங்காட்சியகம் பார்த்த கையோடு ஒரு நாள் பீச் லைனில் ஏறி ராயபுரத்தில் இறங்குங்கள். தூண்களைப் பாருங்கள். அந்தப் பிளாட்பாரத்தில் நின்றுதான் மதராஸ்காரன் முதன்முதலில் ரயில் ஏறினான்.

எழும்பூர்ப் பக்கம் 1855-இல் செய்த எஞ்சின் ஓடுவதைப் பார்த்தீர்களா? இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்து லீட்ஸில் கிட்சன் கம்பெனி செய்து கல்கத்தாவுக்கு வந்தது. 'ஃபேரி குயீன்' இதன் ஜோடி. 1909-இல் ஓய்வு கொடுத்து, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் காட்சிக்கு நின்றது. 2010-இல் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் கொண்டுவந்து, இல்லாத பாகங்களையெல்லாம் செய்து போட்டு, மறுபடியும் நெருப்பு மூட்டினார்கள். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி எழும்பூர், கோடம்பாக்கம் பக்கம் ஓடியிருக்கிறது. அதைப் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. என் கருத்து, நிற்கிற எஞ்சின் பத்தைவிட ஓடுகிற எஞ்சின் ஒன்று மேல்.

பெரம்பூர்வாசி:

ராயபுரத்தான் சார், அந்த வேலையில் எங்கள் ஊருக்கு இருக்கும் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கடைசி வரியில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

ஓட வைக்க வேண்டும் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். துருப்பிடித்த தகட்டில் அழுத்தம் ஏற்ற முடியாது. இன்றைய தண்டவாளத்தில் ஓட இன்றைய பாதுகாப்பு வேண்டும். நூறு வருஷம் நின்ற எஞ்சினில் எத்தனை பாகம் பழையதாக மிஞ்சும்? அந்தக் காலத்துக் கொல்லன் அடித்த ரிவெட், அன்றைக்குக் கையால் அராவிய தடம், இதெல்லாம் ஒரு முறை கழற்றிப் போட்டால் போனதுதான். ஒரு எஞ்சின் ஓடட்டும், கொண்டாடுவோம். மற்றவை நிற்கட்டும், ஆனால் மழையும் உப்புக்காற்றும் படாமல் நிற்கட்டும். சென்னையில் வெளியில் நிற்கும் இரும்புக்கு வேறு எதிரி வேண்டாம். நம் நன்கொடையோ கவனமோ முதலில் போக வேண்டிய இடம் கூரைதான் என்று நினைக்கிறேன்.

ராயபுரத்தான்:

கூரை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தம் இல்லாத நீராவி எஞ்சின் பாதிதான் சார். அந்த "சுக்கு சுக்கு" எதனால் வருகிறது என்று நிற்கிற எஞ்சினில் எப்படிக் காட்டுவீர்கள்?

பெரம்பூர்வாசி:

காட்டலாம்! இதைப் பையனிடம் சொல்லுங்கள் கொளத்தூர்க்காரி அம்மா. சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடமாட்டார்கள். புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாக மேலே ஊதுவார்கள். அப்படி ஊதும் ஒவ்வொரு முறையும் ஒரு "சுக்". அது புகையையும் கூட இழுத்துக்கொண்டு போகும். முன்னால் புகை இழுபட்டால் பின்னால் நெருப்புக்குள் காற்று புகும். எஞ்சின் கஷ்டப்பட்டு இழுக்க இழுக்க ஊதல் பலமாகும், ஊதல் பலமாகப் பலமாக நெருப்பு இன்னும் வெடித்து எரியும். தனக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும் என்பதை எஞ்சினே தீர்மானித்துக்கொள்கிறது. யாரும் விசிறி சுற்ற வேண்டாம். தொடக்கக் கால எஞ்சின் செய்தவர்கள் பிடித்த மிக அருமையான யோசனை இது.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் முன்னே போகும்போது ஒரு தரம், பின்னே வரும்போது ஒரு தரம் நீராவி வெளியேறும். ஆக, பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு "சுக்". நிற்கிற எஞ்சினில் பையன் சக்கரத்தின் அளவை நாடாவால் அளந்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை "சுக்" என்று கணக்குப் போடட்டும். சக்கரத்தைச் சுழற்றும் இடத்து, வலத்து ராடுகள் ஒரே நிலையில் இருக்காது, கால் சுற்று தள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முட்டுப்பட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

மலைரயில் பைத்தியம்:

ஊட்டிப் பெட்டிகள் அங்கே நிற்கின்றன என்று அக்கா எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். நெருப்போடு ஓடுகிற எஞ்சின் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம் போங்கள். இன்றைக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவிதான், அதற்கு மேலே ஊட்டி வரை டீசல். குன்னூர் வரை 1899-இல் வந்த பாதை, 1908-இல் ஊட்டியை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அந்த எஞ்சினில் இரண்டு இல்லை, நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரத்துக்கு. மற்ற இரண்டு, நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்துக்கு. முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே இரண்டாவது ஜோடிக்குப் போகும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார், எஞ்சினின் விசிலைக் கேட்டுப் பிரேக் போடுவார். அந்த மனுஷர்களை வேடிக்கை பார்க்கவே நான் போவேன்.

இந்த எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. இப்போது திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் இந்த நூற்றாண்டிலும் புதிதாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள். ராயபுரத்தார், பெரம்பூரார் சண்டைக்கு என் தீர்ப்பு இதுதான்: பழையதைப் பத்திரமாக நிறுத்துங்கள், ஓடுவதற்குப் புதிதாகச் செய்யுங்கள். செய்யத் தெரிந்த கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

இரண்டு வாண்டுகளின் அப்பா:

பெரியவர்கள் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். போகப் போகிறவர்களுக்கு நான் சின்ன விஷயங்களைச் சொல்கிறேன். திங்கட்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள். வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பக்கம். எஞ்சின்கள் வெளியில் இருப்பதால் காலையில் போய் வெயிலுக்கு முன் அதைப் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் உள்ளே காட்சிக்கூடத்துக்குப் போங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம், சின்னது சுருண்டுவிட்டது. குட்டி ரயிலை முதலில் காட்டாதீர்கள், அப்புறம் வேறு எதையும் பார்க்க விடமாட்டார்கள். இரும்பு வெயிலில் கொதிக்கும், கை வைப்பதற்குள் நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் காட்ட வேண்டாம் என்பது என் அனுபவம். ஒரு எஞ்சின், ஒரு பெட்டி. பெட்டியில் முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒப்பிட்டுப் பேசினாலே அந்தக் காலத்து ஊர் முழுவதும் தெரிந்துவிடும்.

அப்புறம் ஐ.சி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 1955-இல் சுவிஸ் கம்பெனி உதவியோடு ஆரம்பித்து, நாடு முழுக்க ஓடிய நீலப் பெட்டிகளைச் செய்த தொழிற்சாலை. 2018-இல் முதல் வந்தே பாரத் வெளியே வந்ததும் இங்கிருந்துதான்.

விருத்தாசலத்தான்:

திரும்ப வந்தேன். பாயிண்ட்ஸ்மேன் மகன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் தோளில் அந்தத் தழும்பு உண்டு. எதனால் என்று நான் கேட்டதே இல்லை.

கொளத்தூர் சகோதரி, உங்கள் மாமனாரிடம் இதைக் கேளுங்கள். புகையின் நிறத்தை வைத்து நெருப்பை எப்படிப் படிப்பார்கள்? கறுப்புப் புகை வந்தால் டிரைவர் திட்டுவார் என்று அப்பா சொல்வார். காரணம் எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை.

கொளத்தூர்க்காரி:

அண்ணா, கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கறுப்பாக வந்தால் கரி வீணாகிறது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டியிருப்பான், காற்று போதாது, பாதி எரியாமல் போகும். ஒன்றுமே வராமல் வெள்ளையாக இருந்தால் நெருப்பு மெலிந்துவிட்டது, ஓட்டை விழுந்து குளிர்காற்று ஏறுகிறது. லேசாகச் சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டே இருந்தால் பயர்மேன் கைகாரன். கொஞ்சம் கொஞ்சமாக, மூலையில் கூடுதலாக, நடுவில் மெல்லிசாகப் போட வேண்டும். கரண்டியைத் திருப்புகிற திருப்பில் கரி விசிறி விழ வேண்டும். மேடு வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், மேட்டில் போட்டால் லேட். அதனால் பாதை முழுக்க மனப்பாடமாக இருக்கும், எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே தண்ணீர் பிடிப்பது. கரி கல்லும் மண்ணுமாக வந்தால் சாம்பல் உருகி இறுகிக் கிளிங்கர் கட்டும், அதைக் குத்தி எடுக்கும்போதுதான் உயிர் போகும்."

உங்கள் அப்பாவின் பெயரைக் கேட்டார். தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஒருவேளை தெரிந்திருக்கலாம். கார்டு லைன்காரர்கள் விழுப்புரம் ரன்னிங் ரூமில் வந்து தங்குவார்களாம்.

இன்னொரு செய்தி. ஒய்.பி. எஞ்சினில்தான் அதிக நாள் வேலை செய்திருக்கிறார், மீட்டர்கேஜ் பயணிகள் வண்டிகளை இழுத்த, டெல்கோ கம்பெனி செய்த எஞ்சின். எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சினோடு வரும் வண்டிக்கு விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு இவர்களுடைய எஞ்சினை மாட்டுவார்கள். அந்தச் சில நிமிஷத்துக்குள் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், பையன் போனில் பதிவு செய்தான். முழுதாகத் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.

பாயிண்ட்ஸ்மேன் மகன்:

அக்கா, பதிவு செய்யும்போது எந்த வருஷம், எந்த ஷெட், எந்த வண்டி என்று ஒவ்வொரு கதைக்கும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது படிக்கும்போது அதுதான் உதவும். கையால் செய்து காட்டுவதை வீடியோவாக எடுங்கள், கரண்டி திருப்பும் அந்த அசைவைக் குரலில் பிடிக்க முடியாது.

மலைரயில் பைத்தியம்:

பொன்மலை, விழுப்புரம், மதுரை ஷெட்களில் வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இந்த இழையிலேயே கை தூக்குங்கள். கேள்விகளை நான் ஒரு தாளில் தொகுத்து வைக்கிறேன். கொளத்தூர் அக்கா வீட்டுப் பதிவு வந்ததும், அதில் விட்டுப்போனதைப் பார்த்து அடுத்தவரிடம் கேட்கலாம். எங்கள் தெருவில் பொன்மலையில் பாய்லர்மேக்கராக இருந்த ஒரு தாத்தா இருக்கிறார். சனிக்கிழமை போகிறேன்.